இடிந்த கட்டடச் சுவர் எல்லாம் வளைந்துவிட்டது, உடனே உதவி வேண்டும்

பகடைக்காரன்
வணக்கம். மேசையில் சிறு உருவங்களை நகர்த்தி ஆடும் போர் ஆட்டத்துக்காக நகர இடிபாடு செட் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், மொத்தம் நான்கு கட்டடம், மூன்று முடிந்த மாதிரிதான். நேற்று இரவு பசை கலந்த கறுப்பு பெயிண்ட் பூசிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் சுவர்கள் வில் மாதிரி வளைந்து நிற்கின்றன, அடித்தளமும் நான்கு மூலையிலும் மேலே தூக்கிக்கொண்டது, மேசையில் வைத்தால் ஆடுகிறது. சனிக்கிழமை ஆட்டம். நிமிர்த்த வழி இருக்கிறதா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா? செங்கல் கோடு கீறவே இரண்டு வாரம் ஆனது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சுண்ணாம்பு
தூக்கிப் போடாதீர்கள். முதலில் சில விவரம் வேண்டும். எதில் செய்தீர்கள், இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டா, காகிதம் இல்லாத கெட்டி ஃபோமான எக்ஸ்பிஎஸ்ஸா? எத்தனை மில்லிமீட்டர்? அடித்தளம் என்ன? எந்தப் பக்கம் பூசினீர்கள், பூசிய பக்கம் உள்வாங்கியிருக்கிறதா, வெளியே புடைத்திருக்கிறதா? படம் இருந்தால் போடுங்கள்.

கோணல்மாணல்
ஹீட்டர் பக்கத்திலோ வெயிலிலோ காய வைத்தீர்களா? எனக்குத் தெரிந்து வளைவு என்றாலே சூடுதான். நான் ஒரு கோபுரத்தை வெயிலில் நின்ற காருக்குள் விட்டுவிட்டுப் போனேன், திரும்பி வந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஃபோம் சூடு தாங்காது.

செங்கல்தூள்
பெயிண்ட்டுக்கு மேல் ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தீர்களா? அதில் இருக்கும் கரைப்பான் ஃபோமில் உள்ள பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். சுவரின் உடைந்த விளிம்புகளையும் ஜன்னல் ஓரங்களையும் பாருங்கள், பசை சரியாக மூடாத இடத்தில்தான் முதலில் உள்ளே போகும்.

மேசைத்தளபதி
இந்தக் கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, பழைய இழைகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஃபோம் போர்டு பள்ளிக்கூட புராஜெக்டுக்கு உரியது. கட்டடம் என்றால் எக்ஸ்பிஎஸ், 10 மி.மீ. அடித்தளம் என்றால் 3 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். பொருளைச் சரியாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டு வாரம் செங்கல் கீறினால் இப்படித்தான் ஆகும். அடிப்படையைக் கற்றுக்கொண்டு நான்காவது கட்டடத்தைத் தொடங்குங்கள், அந்த மூன்றை மறந்துவிடுங்கள்.

சுண்ணாம்பு
எம்டிஎஃப்பும் மெல்லியதாக இருந்து ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளையத்தான் செய்யும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். செங்கல்தூள், ஸ்ப்ரே பட்டால் குழி விழும், சுவர் மொத்தமாக வளையாது. அவர் பதில் வரட்டும்.

பகடைக்காரன்
ஸ்ப்ரே அடிக்கவில்லை. சூடும் காட்டவில்லை, ஃபேன் மட்டும். ஃபோம் போர்டு, 5 மி.மீ. காகிதத்தை உரித்துவிட்டு பேனாவால் செங்கல் கீறினேன். அடித்தளம் தடித்த அட்டை. பெயிண்ட்டில் பாதிக்குப் பாதி வெள்ளைப் பசை, கொஞ்சம் தண்ணீர்.

சுண்ணாம்பு
இரண்டு பக்கக் காகிதத்தையும் உரித்தீர்களா, செங்கல் கீறிய பக்கம் மட்டுமா? பூசியதும் அந்தப் பக்கம் மட்டுமா?

ஆறாம்முகம்
அவர் வருவதற்குள் ஒரு சந்தேகம். எந்த அளவு உருவங்கள்? 28 மி.மீ. உயர உருவம் என்றால் நிஜ அளவில் தோராயமாக 56இல் ஒரு பங்கு. 215க்கு 65 மி.மீ. முகமுள்ள செங்கல் அந்த அளவில் 4 மி.மீ. நீளம்கூட வராது, உயரம் ஒரு மி.மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அத்தனையையும் கீற வேண்டியதில்லை. பூச்சு உதிர்ந்த இடங்களில் மட்டும் செங்கல் காட்டி, மற்ற இடத்தில் வழவழப்பான சுவராகவே விட்டால் இரண்டு வாரம் இரண்டு மாலையாகக் குறையும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

செங்கல்தூள்
சரியான பேச்சு. கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும், நாம் செய்யும் இடிபாடுகள் பெருக்கிவிட்ட வீடு மாதிரி இருக்கின்றன. மூன்று மாடிச் சுவர் விழுந்தால் அந்தக் கல் எல்லாம் எங்கே போனது? டிரெஸ்டன் நகரத்து ஃப்ராவன்கிர்ஷ தேவாலயம் 1945 பிப்ரவரி 15 அன்று சரிந்தது. அந்தக் கற்குவியல் ஒரு குன்று மாதிரி பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது, சுவரில் இரண்டு துண்டு மட்டும்தான் நின்றது. இடிபாடு என்றால் பாதிக்கு மேல் குவியல்தான்.

மேசைத்தளபதி
குவியல் அழகாக இருக்கும், ஆட முடியாது. 25 அல்லது 32 மி.மீ. வட்ட அடித்தட்டில் நிற்கும் உருவம் சரிவில் நிற்குமா? உலோக உருவம் ஒருமுறை உருண்டு விழுந்தால் பெயிண்ட் போச்சு. டெரெய்ன், அதாவது மேசையில் வைக்கும் கட்டடமும் நிலமும், ஆடுவதற்குத்தான், கண்ணாடி அலமாரிக்கு இல்லை. தரை தட்டையாக இருக்க வேண்டும், மாடிக்கு மாடி 7 செ.மீட்டராவது விட வேண்டும், கை உள்ளே போக வேண்டும். இதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

செங்கல்தூள்
கை போக வேண்டும் என்பது சரி. ஆனால் தரை வழவழவென்று இருந்தால் அது கட்டி முடிக்காத வீடு, குண்டு விழுந்த வீடு ஆகாது. ஒரு தெருச் சண்டையை மேசையில் வைக்கிறோம், அங்கே நடப்பதே கஷ்டமாக இருந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

மேசைத்தளபதி
நடப்பது கஷ்டம் என்பதை ஆட்ட விதி சொல்லிவிடும், உருவம் நகரக்கூடிய அங்குலத்தைக் குறைத்துவிடும். கல்லை ஒட்டித்தான் காட்ட வேண்டும் என்று இல்லை.

ஆறாம்முகம்
இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம். சுவரின் அடியிலும் உள்மூலையிலும் கல்லைக் குவியுங்கள். நடுவில் 40 மி.மீ. அகலத்துக்கு அங்கங்கே தட்டையான இடம் விடுங்கள், விழுந்த தளத்தின் பலகைத் துண்டு மாதிரி காட்டினால் வேண்டுமென்று விட்டதாகத் தெரியாது. கல்லுக்கு பிளாஸ்டர் வார்த்து உடைத்த துண்டும் மணலும் கலந்து போடுகிறேன், ஒரே அளவாக இருந்தால் ஜல்லிக் குவியல் போலத் தெரியும். மேலே தண்ணீர் கலந்த பசை ஊற்றும்போது ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேருங்கள், இல்லையென்றால் பசை மணிமணியாக மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது.

இன்னொன்று, நிஜ இடிபாடுகளில் மூலைகளும் புகைபோக்கிகளும்தான் பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். இரண்டு சுவர் செங்கோணமாகச் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று தாங்குகிறது. தனியாக நிற்கும் நீளச் சுவர்தான் முதலில் போகும். நம் ஃபோம் சுவருக்கும் அதே கதைதான்.

பகடைக்காரன்
28 மி.மீ. ஆமாம், கீறிய பக்கம் மட்டும் உரித்தேன், உள்பக்கம் காகிதம் அப்படியே இருக்கிறது. பூசியதும் வெளியே மட்டும். பூசிய பக்கம் உள்வாங்கி இருக்கிறது.

சுண்ணாம்பு
அப்படியானால் காரணம் அதுதான். ஃபோம் போர்டு நேராக நிற்பதே இரண்டு பக்கமும் காகிதம் சமமாக இழுத்துப் பிடிப்பதால். ஒரு பக்கம் உரித்ததும் அந்தச் சமநிலை போய்விட்டது. அதற்கு மேல் வெள்ளைப் பசை காயும்போது சுருங்கும், ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கமாகவே இழுக்கும். அட்டை அடித்தளம் மூலை தூக்கியதும் இதனால்தான்.

சுவருக்கு: உள்பக்கக் காகிதத்தை லேசாக நனைத்து, ஊறியதும் மெதுவாக உரியுங்கள். இழுத்தால் ஃபோம் சேர்ந்து வரும், விரலால் உருட்டி எடுங்கள். பிறகு அதே கலவையை உள்ளேயும் அதே கனத்தில் பூசுங்கள். பாதி காய்ந்ததும் எதிர்ப்பக்கமாக லேசாக வளைத்துப் பிடித்து, ஒட்டாத பிளாஸ்டிக் தாளை மேலும் கீழும் வைத்து, புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். மூலையில் ஒட்டியிருந்தால் பாரம் வைக்க முடியாது, அப்போது ஆறாம்முகம் சொன்னதுதான் வழி: மாடித் தளத்தின் ஒரு துண்டை உள்ளே சுவரோடு ஒட்டுங்கள், அது சுவரை நேராகப் பிடிக்கும், பார்ப்பவருக்கு உடைந்த மாடியாகத் தெரியும்.

உள்பக்கம் செங்கல் கீற வேண்டாம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நிறம் அடியுங்கள், ஒன்றில் மங்கிய பச்சை, ஒன்றில் காவி. வீடு இடிந்தால் அறைகளின் நிறம் தெருவுக்குத் தெரியும். எனக்கு இடிபாட்டில் மிகவும் மனதைத் தொடுவது அதுதான், யாரோ குடியிருந்த இடம் என்று உடனே தெரிந்துவிடும்.

அடித்தளத்தின் அடியில் பசையால் பெரிய பெருக்கல் குறி போட்டுக் காய விடுங்கள், எதிர்ப்பக்கம் இழுக்கும். அதற்கும் சரியாகாவிட்டால் அட்டையை விட்டுவிட்டு எம்டிஎஃப்புக்கு மாறுங்கள், அந்த விஷயத்தில் தளபதி சொன்னது சரி.

மேசைத்தளபதி
நான் முதலிலேயே சொன்னேன்.

கோணல்மாணல்
இருந்தாலும் ஃபேன் காற்று ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து இழுத்திருக்கும். அடுத்த முறை ஃபேன் இல்லாமல் காய விட்டுப் பாருங்கள்.

பகடைக்காரன்
இரண்டு கட்டடம் நிமிர்ந்துவிட்டது. மூன்றாவதில் காகிதத்தோடு ஃபோமும் கொஞ்சம் வந்தது, அந்த இடத்தைக் குண்டு பட்ட ஓட்டையாக ஆக்கிவிட்டேன். அடித்தளம் ஒன்று இன்னும் ஆடுகிறது, எம்டிஎஃப் தேட வேண்டும். எல்லோருக்கும் நன்றி, சுண்ணாம்பு அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

செங்கல்தூள்
படம் போடுங்கள். கல் குவித்தீர்களா?

ஆறாம்முகம்
சனிக்கிழமை போய்விட்டதே, ஆட்டம் எப்படிப் போனது?