புதுப்பிப்பு: தம்பியின் பராமரிப்பு உதவித்தொகை வந்துவிட்டது

போன தடவை புலம்பியிருந்தேன். அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பிக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கேட்டுக் கொடுத்த மனு, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது என்று.

கடைசியில் காரணம் இனிஷியல்! ஆதாரில் "க", மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் "கு". மூன்று முறை அலைந்தபோது ஒருவரும் சொல்லவில்லை. கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்த பிறகுதான் கோப்பைப் பிரித்தே பார்த்தார்கள். ஆதாரைத் திருத்திக் கொடுத்தோம். இந்த மாதம் பணம் ஏறிவிட்டது. மனு கிடந்த மாதங்களுக்குக் கிடையாதாம். சரி, போகட்டும்.

பலர் கேட்ட இன்னொன்று: நிராமயா. மத்திய அரசின் அமைப்பான தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீடு இது, வருடத்துக்கு 1 லட்சம் வரை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருப்பவர்களுக்கு மட்டும். தெரபிச் செலவுக்கும் கேட்கலாம், ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டு பில்லை அனுப்ப வேண்டும். ஒரிஜினல் பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். நான் ஒன்றைத் தொலைத்தேன்.

அடுத்து காப்பாளர் சான்றிதழ், அதாவது தம்பிக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கு என்பதற்கான சான்று. தம்பிக்கு 18 தாண்டிவிட்டதால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவுக்கு வயதாகிறது, அதனால் என் பெயரில் கேட்கிறோம். முன்பே செய்திருக்கலாம்தான். அம்மாதான், "நான் இருக்கும்போது எதுக்குடா?" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். நேற்றுதான் கையெழுத்துப் போட்டார்.