ஓடோவின் வாளி: உருமாறி உயிரியல் எங்கே தாங்குகிறது, எங்கே ஒழுகுகிறது?

தராசுத்தட்டு எழுதியது:
'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' (1993–1999) தொலைக்காட்சித் தொடரில், எந்த உருவமும் எடுக்கக்கூடிய திரவ உயிர்களான உருமாறிகளை "அறிவியல்பூர்வமான வேற்றுக்கிரகவாசி" என்று இங்கே அடிக்கடி புகழ்கிறார்கள். ஒரே ஒரு பொருளைக் காட்டி மறுக்கிறேன். விண்வெளி நிலையத்தின் காவல் அதிகாரியாக இருக்கும் உருமாறி ஓடோவின் வாளி.

16 மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் திரவமாகி அந்த வாளியில் ஓய்வெடுக்க வேண்டும். ஆள் உருவத்தில் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உயிருள்ள சதையின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான், ஆக 80 லிட்டர். குளியலறை வாளியே 15 முதல் 20 லிட்டர்தான் பிடிக்கும். திரையில் தெரிவதும் அதைவிடப் பெரிதல்ல. மீதி 60 லிட்டர் எங்கே?

இதைவிட மோசம், 1993-இல் வந்த 'பாஸ்ட் ப்ரோலாக்' பகுதியில் அவர் எலியாகிறார். 80 கிலோவை 300 மில்லிலிட்டரில் அடைத்தால் ஒரு கன செ.மீ.க்கு சுமார் 267 கிராம். மிக அடர்த்தியான உலோகமான ஆஸ்மியமே 22.6தான். எடையை ஆற்றலாக்கி விடுகிறார் என்று யாரும் சமாளிக்க வேண்டாம். 79.7 கிலோ ஆற்றலானால் சுமார் 1,700 மெகாடன் டி.என்.டி. வெடித்த மாதிரி. விண்வெளி நிலையத்தோடு சேர்ந்து எல்லோரும் காலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இது.

சளிப்பூஞ்சை எழுதியது:
கணக்கு சரி, முடிவுதான் அவசரம். எடைக் கோளாறு எல்லா உருமாறிக் கதைக்கும் பொது. இந்தத் தொடரைத் தனியாகப் பார்க்க வைப்பது வேறு: ஒரே உடற்கூறு விதியிலிருந்து பல கதைகள் கிளைக்கின்றன. துண்டான பகுதி உருவத்தைத் தக்கவைக்காது என்பதே அந்த விதி. யார் உருமாறி என்று கண்டுபிடிக்கத் தொடரில் நடத்தும் ரத்தச் சோதனை அதிலிருந்து வந்ததுதான். உடலை விட்டுப் பிரிந்த சொட்டு உடனே பொன்னிறக் கூழாகிவிடும்.

உயிரியலில் இதற்கு நெருங்கிய உறவு ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சை. பெயர்தான் பூஞ்சை, உண்மையில் அமீபாக்களின் சொந்தம். கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒரே செல், அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள். எலும்பு கிடையாது, நிலையான உறுப்பும் கிடையாது. உள்ளே சாறு முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த ஓட்டமே உணவும் செய்தியும் கொண்டு போகிறது. இரண்டு ஃபைசாரம் சந்தித்தால் ஒன்றாகக் கலந்தும் விடலாம். உருமாறிகள் கடலாகக் கலந்து கிடக்கும் 'பெரும் இணைப்பு' வேறென்ன?

தராசுத்தட்டு எழுதியது:
அதே ஃபைசாரத்தின் வேகத்தையும் சொல்லுங்கள். உள்ளே சாறு ஓடுவது நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். முழு உடலும் நகர்வது மணிக்குச் சில சென்டிமீட்டர். ஓடோ மூன்று நொடியில் நாற்காலியாகிறார். தலையிலிருந்த பொருள் தரைக்கு வர நொடிக்கு அரை மீட்டராவது வேண்டும். ஐந்நூறு மடங்கு. செல் பிரிந்து வளர்ந்துதான் உருவம் மாறும் என்றால் இன்னும் மோசம்: வேகமான பாக்டீரியாவுக்கே ஒரு பிரிவுக்கு 20 நிமிடம், மனித செல்லுக்கு ஒரு நாள் அளவில்.

சளிப்பூஞ்சை எழுதியது:
வளர்ந்து மாறுவதாக நான் சொல்லவில்லையே. ஆக்டோபஸைப் பாருங்கள். ஒரு நொடிக்குள் நிறம் மாறக் காரணம், அது புதிதாக எதையும் செய்வதில்லை. ஒவ்வொரு நிறப்பையையும் சுற்றித் தசை இருக்கிறது, அதற்கு மூளையிலிருந்து நேரடி நரம்பு வருகிறது. பை விரிந்தால் நிறம் தெரியும், சுருங்கினால் மறையும். சரக்கு ஏற்கெனவே தயார், கட்டளை மட்டும் போகிறது. உருமாறியின் உடல் முழுக்க அப்படிச் சுருங்கி விரியும் இழைகள் என்றால் மூன்று நொடி போதும். ரத்தச் சோதனையும் இதோடு பொருந்தும்: கட்டளை நின்றால் இழை தளர்கிறது, சொட்டு கூழாகிறது.

கூடுவிட்டவன் எழுதியது:
இடையில் ஒரு கேள்வி. இவ்வளவு திறமைக்காரர் ஏன் மனித முகத்தை மட்டும் மெழுகு பொம்மை மாதிரி வைத்திருக்கார்? பருந்தாக மாறத் தெரியுது, காது மடல் வரலையே!

சளிப்பூஞ்சை எழுதியது:
பருந்தைப் பருந்துதான் உற்றுப் பார்க்கும். மனித முகத்தை எல்லோரும் உற்றுப் பார்க்கிறோம். முகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தசைகள், ஒவ்வொன்றும் பேச்சோடு ஒத்து அசைய வேண்டும். நாற்காலிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓடோ தன் இனத்தாரிடம் வளராமல் ஆய்வகத்தில் வளர்ந்தவர், பயிற்சி குறைவு என்று தொடரே சொல்லிவிடுகிறது. நிறுவனர்கள் எனப்படும் அவருடைய இனத்தாருக்கு இந்தக் குறை இல்லை, யாரை வேண்டுமானாலும் அச்சாகப் படைக்கிறார்கள்.

தராசுத்தட்டு எழுதியது:
உங்கள் "ஒரே விதி" எத்தனை நாள் தாங்கியது என்று பார்ப்போம். 1995-இல் 'தி அட்வர்சரி' பகுதியில் கப்பலுக்குள் உருமாறி நுழைகிறது, எல்லோர் ரத்தமும் சோதிக்கப்படுகிறது. பாதுகாப்பு அதிகாரி எடிங்டனின் ரத்தம் கூழாகிறது, ஆனால் அவர் மனிதர். சோதனை செய்த மருத்துவர் பஷீரே போலி! அதே ஆண்டில் க்ளிங்கன் இனத் தளபதி மார்டோக் கையைக் கீறி ரத்தம் காட்டித் தன்னை நிரூபிக்கிறார். அவர் இடத்தில் இருந்தது உருமாறி என்று 1996-இல் தெரிகிறது. நிலையத் தலைவர் சிஸ்கோவின் தந்தை சொன்னதே போதும்: யாரையாவது கொன்று ரத்தத்தை எடுத்து உள்ளே ஒரு பையில் வைத்துக்கொண்டால், கேட்கும்போது அதைச் சிந்தலாம்.

சளிப்பூஞ்சை எழுதியது:
இதில் எதுவும் உயிரியல் ஓட்டையே இல்லை, எல்லாம் சோதனை நடத்திய விதத்தின் ஓட்டை. ஒழுங்காகச் செய்வதானால் இப்படி. கீறும் இடத்தைச் சோதிப்பவர் அந்த நொடியில் தேர்ந்தெடுக்க வேண்டும், சோதிக்கப்படுபவர் அல்ல. பை இருந்தாலும் எந்த இடத்துக்கு நகர்த்துவது என்று முன்கூட்டித் தெரியக் கூடாது. ரத்தத்தோடு ஒரு சிட்டிகைத் தோலும் வெட்ட வேண்டும். சேமித்த ரத்தத்தைச் சிந்தலாம், சேமித்த தோலைக் கேட்ட இடத்தில் உயிரோடு ஒட்டவைப்பது அவ்வளவு சுலபமில்லை. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அந்த இரண்டு பேரும் முதலில் ஒருவரையொருவர் சோதித்திருக்க வேண்டும். மார்டோக் விஷயத்தில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. கத்தியும் கையும் அவருடையவை, இடமும் அவரே தேர்ந்தெடுத்தது.

கூடுவிட்டவன் எழுதியது:
எதுக்கு இவ்வளவு? ஒரு எடைமேடை வச்சா முடிஞ்சது. 80 கிலோ நாற்காலி உடனே மாட்டும்.

தராசுத்தட்டு எழுதியது:
மாட்டாது. 1993-இல் 'தி ஃபர்சேகன்' பகுதியில் லிஃப்டுக்குள் சிக்கி உருகும் ஓடோவை, கூடவே சிக்கிய லக்ஸானா என்ற பெண் தன் பாவாடை மடியில் ஏந்துகிறார். 80 கிலோ திரவத்தை ஒருவர் மடியில் தாங்க முடியுமா? ஆக எடையும் குறைகிறது. தவிர, அவர்கள் போலி செய்வது பெரும்பாலும் ஆட்களை. 80 கிலோ ஆள் 80 கிலோ காட்டினால் மேடைக்கு என்ன தெரியும்?

சளிப்பூஞ்சை எழுதியது:
பாவாடை விஷயத்தில் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடர் சரியாகச் செய்த இடம் நோய். பிரிவு 31 என்ற ரகசிய அமைப்பு ஓடோவின் உடலில் வைரஸை ஏற்றுகிறது. 1996-இல் அவர் இணைப்பில் கலக்கிறார், கடல் முழுதும் தொற்றுகிறது. எல்லோரும் ஒரே உடலாகக் கலந்தால் தடுப்பு எங்கே இருக்கும்? உண்மையான ஃபைசாரம் கண்டவரோடெல்லாம் கலக்காது. பொருந்தாத வகையோடு கலந்துவிட்டால் ஒன்றின் உட்கருக்களை மற்றொன்று அழித்துவிடும். அந்த வடிகட்டி பெரும் இணைப்பில் இல்லை. 1999-இல் மருந்தும் அதே வழியில்தான் போகிறது: ஓடோ ஒருவர் குணமாகிக் கடலில் இறங்குகிறார்.

1997-இல் 'தி பிகாட்டன்' பகுதியும் இதே தர்க்கம். தண்டனையாக மனிதனாக்கப்பட்ட ஓடோவுக்குள் இறந்துகொண்டிருக்கும் குழந்தை உருமாறி கலக்கிறது, திறமை திரும்புகிறது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்கும் மாதிரி, சிறு அளவு முழு உடலையும் தன் வகைக்கு மாற்றுகிறது.

தராசுத்தட்டு எழுதியது:
உறைமோர் உவமை அழகு, ஆனால் தயிருக்கு நுண்ணுயிர் பெருக மணிக்கணக்கில் ஆகும். ஓடோ உடனே பருந்தாகிப் பறக்கிறார். சரி, அதையும் விடுகிறேன். 2023-இல் வந்த 'பிக்கார்ட்' என்ற பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரின் மூன்றாம் பருவத்தில் புதிய உருமாறிகளின் ரத்தம் கூழாகவில்லை, உள்ளுறுப்பு வரை போலி, செத்த உடலும் உருவத்தோடு கிடக்கிறது. அங்கே உங்கள் விதி என்ன ஆனது?

சளிப்பூஞ்சை எழுதியது:
விதி மாறியதாகக் கதையே சொல்கிறது: கைதிகளாகப் பிடித்த உருமாறிகளிடம் ஆய்வு நடத்தி அவர்களை மாற்றினார்கள். இழையைப் பிடித்து வைக்கத் தொடர்ந்து கட்டளை தேவையில்லாதபடி அந்தந்த இடத்திலேயே பூட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சிப்பியின் தசை கூட அப்படித்தான், இரண்டு ஓடுகளையும் மூடியபின் மிகக் குறைந்த சக்தியில் மணிக்கணக்கில் பூட்டிக்கொண்டிருக்கும்.

தராசுத்தட்டு எழுதியது:
அப்படியானால் பழைய உருமாறிகளிடமே வருவோம். 1999, 'கைமிரா'. லாஸ் என்ற உருமாறி கடைவீதியில் மூடுபனியாகப் பரவி நிற்கிறார். மூடுபனி என்பது ஒன்றோடொன்று தொடாத துளிகள். கட்டளை அறுந்தால் துளி கூழாகும் என்றால், லட்சக்கணக்கான துளிகளும் தரையில் கொட்டியிருக்க வேண்டும்.

சளிப்பூஞ்சை எழுதியது:
துளிகள் என்று யார் சொன்னது? மிக மெல்லிய நூல்வலையாக இருக்கலாம். 80 கிலோவை 200 கன மீட்டரில் விரித்தால் கன மீட்டருக்கு 400 கிராம். 2013-இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் செய்த கிராஃபீன் (மெல்லிய கார்பன் படலம்) நுரை 160 கிராம்தான், அதுவும் திடப்பொருளாகவே நின்றது. உண்மையான மூடுபனி கன மீட்டருக்கு அரை கிராம் தண்ணீர்; அந்தக் கணக்கில் 80 கிலோவுக்கு 1,60,000 கன மீட்டர் வேண்டும், கடைவீதி போதாது. வலைதான் பொருந்துகிறது.

கூடுவிட்டவன் எழுதியது:
வலைன்னா அதுக்குள்ள நடந்து போனவங்க மேல நூல் அறுந்திருக்கணுமே பாஸ். அறுந்த நூல் உங்க விதிப்படி கூழாகணும். அங்க யார் சட்டையிலயும் ஒரு சொட்டுகூட ஒட்டலையே.