வடபழனியில் முகூர்த்தம், கோவளத்தில் பீச் ரிசப்ஷன்: ட்ரோன் எங்கே ஏற்றலாம், எப்படி எடுக்கலாம்?

ஃபோகஸ்புல்லர்:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஆவணியில ஒரு கல்யாண ஆர்டர். முந்தின நாள் சாயங்காலம் வடபழனி கோயில் பக்கத்துலேருந்து மண்டபம் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் காலை 7.30–9 முகூர்த்தம் அதே மண்டபத்துல. அன்னைக்கே சாயங்காலம் கோவளத்துல ஒரு கடற்கரை ரிசார்ட்டுல ரிசப்ஷன். பொண்ணு வீட்டுல மூணுக்குமே ட்ரோன் ஷாட் கேக்கறாங்க. கைவசம் இருக்கறது டிஜேஐ மினி 4 ப்ரோ. ஏர் 3 வாடகைக்குக் கிடைக்கும்.

249 கிராம்ங்கறதால மினிக்கு அனுமதியே வேணாம்னு சிலர் சொல்றாங்க, அது சரியா? கடற்கரையில காத்து, உப்பு, இருட்டு இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கறது? கேமரா செட்டிங் என்ன வைக்கலாம்? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா நல்லாருக்கும்.

மஞ்சள்_மண்டலம்:

இடத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். வடபழனியில் ட்ரோன் வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம். ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம்) முன் அனுமதி இல்லாமல் ஒரு அடி கூட எழும்பக் கூடாது. நிலையத்தை ஒட்டிய உள்வட்டம் சிவப்பு. அங்கே மத்திய அரசின் அனுமதி வேண்டும். வடபழனி அந்த 8 கிலோமீட்டருக்குள்தான் வருகிறது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழே பச்சை (முன் அனுமதி வேண்டாத மண்டலம்), அதற்கும் வெளியே, வேறு தடை இல்லாத இடத்தில், 400 அடி வரை பச்சை. தென்சென்னையில் வேலை எடுப்பவர்கள் மீனம்பாக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாம்பரம் விமானப்படைத் தளத்தை மறந்துவிடுகிறார்கள். சேலையூர், மேடவாக்கம் பக்கம் மண்டபம் என்றால் இரண்டையும் பாருங்கள்.

249 கிராம் கதை பாதிதான் உண்மை. 250 கிராம் வரை நானோ வகை. அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பதுதான் சலுகை. மண்டல விதியிலிருந்து எந்த எடைக்கும் விலக்கு கிடையாது. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த 249-இல் ஒரு கிராம்தான் மிச்சம். ப்ரொபெல்லர் கார்டு மாட்டினால், ராத்திரிக்கு ஸ்ட்ரோப் லைட் ஒட்டினால், பெரிய 'ப்ளஸ்' பேட்டரி போட்டால் 250-ஐத் தாண்டி மைக்ரோ வகைக்குப் போய்விடும். காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ஓட்டச் சான்றிதழ் கட்டாயம். மாட்டப்போகும் எல்லாவற்றையும் மாட்டி, சமையலறைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஏர் 3 விஷயத்தில் கூடுதல் கவனம். அது 720 கிராம், சந்தேகமில்லாமல் மைக்ரோ. தவிர, 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பிரித்தோ இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. வாடகைக்கு விடுபவரிடம் மூன்று காகிதம் கேளுங்கள்: ட்ரோனின் யூஐஎன் (தனி அடையாள எண்) பதிவு, ஓட்டுபவரின் பைலட் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் அந்த வாடகை வேண்டாம். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட, மாலை மாற்றும் நேரத்தில் போலீஸ் வந்து நின்றால் அந்தக் குடும்பத்துக்கு அதை எப்படி ஈடு செய்ய முடியும்? தொடர்ந்து இதே தொழில் என்றால் சான்றிதழ் எடுத்துவிடுங்கள். 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், பத்து வருடம் செல்லும். சென்னையிலேயே தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனங்கள் கழகம் பயிற்சி தருகிறது.

கோவளம் இரண்டு தளத்திலிருந்தும் 12 கிலோமீட்டருக்கு வெளியே. ஆனாலும் வரைபடத்தை அன்று காலையே திறந்து பாருங்கள். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி 96 மணி நேரம் வரை ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். விஐபி வருகை இருந்தால் இது சகஜம். பார்க்க வேண்டியது அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம். ட்ரோன் ஆப்பில் தெரியும் கட்டங்கள் கம்பெனி போட்டவை, சட்டம் அல்ல. ரிசார்ட் மேனேஜரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், உள்ளூர் ஸ்டேஷனிலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஜோடியை அப்படியே மாமல்லபுரம் கூட்டிப்போய்க் கடற்கரைக் கோயில் மேலே ஒரு ஷாட் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள இடம், தனி அனுமதி வேண்டும்.

உப்புக்காத்து:

கோவளத்துக்கு நான் சொல்றேன். ஆவணி மாசம்ங்கறது முக்கியம் ப்ரோ. மத்த மாசத்துல மத்தியானத்துக்கு மேல கடல் காத்து ஏறும், அது ட்ரோனைக் கரைப் பக்கம் தள்ளும். அதனால பெரிய ஆபத்து இல்ல. ஆனி ஆடி ஆவணியில மேல்காத்து, அதாவது மேற்குலேருந்து வர்ற காத்து. கடல் காத்து லேட்டா வரும், சில நாள் வரவே வராது. வந்தாலும் பொழுது சாஞ்சதும் திரும்பி நிலத்துலேருந்து கடலுக்கு அடிக்கும். நீங்க எடுக்கப்போற ஷாட்டோ, ட்ரோனைக் கடல் மேல நிறுத்திக் கரையைப் பாக்கறது. அதாவது திரும்பி வர்ற வழி முழுக்க எதிர்காத்து.

கணக்கு போட்டுப் பாருங்க. நொடிக்கு 12 மீட்டர் போற மெஷின், 8 மீட்டர் எதிர்காத்துல தரைக் கணக்குக்கு 4 மீட்டர்தான் நகரும். 300 மீட்டர் தள்ளிப்போயிருந்தா 25 நொடிக்குப் பதிலா 75 நொடி. அந்த நேரம் முழுக்க மோட்டார் முழு வேகத்துல ஓடும், பேட்டரி கண்ணு முன்னாடியே இறங்கும். மினி 4 ப்ரோவுக்குக் கம்பெனி சொல்ற காத்துத் தாங்கும் அளவு நொடிக்கு 10.7 மீட்டர், அதுல பாதியைத் தாண்டினா கடல் மேல போகாம இருக்கறதுதான் நல்லது. கீழ நின்னு காத்தைக் கணிக்காதீங்க, தென்னை உச்சியைப் பாருங்க. மட்டை எல்லாம் ஒரே பக்கமா மடிஞ்சு நின்னா மேல காத்து பலம். கடல் மேல 100 மீட்டருக்குள்ள இருங்க. கரைப்பக்கம் எதிர்காத்து எச்சரிக்கை ஒருதடவை வந்தா ஷாட்டை விட்டுட்டு உயரத்தைக் குறைச்சுத் திரும்புங்க, கீழ காத்து எப்பவும் கம்மி.

மணல். இதுதான் நிறைய மோட்டாரைக் கொல்லுது. நம்ம கரையோர மணல்ல கருப்பா ஒரு பொடி கலந்திருக்கும், காந்தத்தைக் காட்டினா ஒட்டிக்கும். ட்ரோன் மோட்டார் உள்ளயும் காந்தம்தான். ஒரே ஒரு தடவை மணல்லேருந்து டேக்-ஆஃப் பண்ணினா போதும், அந்தப் பொடி காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். அப்புறம் விரலால ப்ரொபெல்லரைச் சுத்தினா வழுவழுன்னு ஓடாம நறநறங்கும். லேண்டிங் பேட் சின்னதா இருந்தா பிரயோஜனம் இல்ல. ரிசார்ட் புல்தரையோ மரப்பலகைத் தளமோ பாருங்க. கார் பானட், இரும்புக் கம்பி போட்ட மொட்டைமாடி ரெண்டும் வேணாம், திசைமானி குழம்பும்.

ரிட்டர்ன் டு ஹோம் (ட்ரோன் தானா கிளம்பின இடத்துக்குத் திரும்பறது) உயரம் 40 மீட்டர் வைங்க, தென்னைக்கு மேல நல்ல இடைவெளி கிடைக்கும். மேல ஏறினதும் ஹோம் பாயின்ட் பதிஞ்ச குரல் வருதான்னு கேட்டுட்டு அப்புறம் நகருங்க. பொழுது சாஞ்சா தடை உணரும் கேமராக்களுக்குக் கண் தெரியாது, கீழ பாக்கற சென்சாருக்கும் வெளிச்சம் வேணும். வெளிச்சம் இருக்கறப்பவே கூட சீரியல் செட் ஒயர், மீன்வலை நூல் இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அதனால டெக்கரேஷன்காரங்க ஒயர் இழுத்து முடிச்ச அப்புறம் ஒரு சுத்து நடந்து பாருங்க, எந்தத் தென்னைலேருந்து எந்தத் தென்னைக்கு ஒயர் போகுதுன்னு போன்ல படம் எடுத்து வெச்சுக்கங்க. பேப்பர் பிளாஸ்ட், வாணவேடிக்கை எத்தனை மணிக்குன்னு ஈவென்ட் ஆள்கிட்ட கேளுங்க. அந்த நேரம் ட்ரோன் தரையில இருக்கணும்.

காக்கா, பருந்து தொல்லை சாயங்காலம் உண்டு. பருந்து வட்டமடிச்சா நேரா மேல ஏத்துங்க. அது மேலேருந்துதான் பாயும். அப்படியே மெதுவா இறக்கி அரைமணி கழிச்சு ஏத்துங்க.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

செட்டிங் பற்றி. நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் 50 ஃப்ரேம், 1/100. ஆப் கொடுக்கும் 30-இலேயே விட்டுவிட்டால் மாலையில் மாட்டிக்கொள்வீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். 30-க்கு ஏற்ற 1/60 ஷட்டரில் சீரியல் பல்பும் மேடை விளக்கும் பட்டை பட்டையாக ஓடும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

மினி 4 ப்ரோவின் லென்ஸ் துளை எஃப்/1.7, மாற்ற முடியாது. அதனால் பகலில் 1/50 வேண்டுமென்றால் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) தவிர வழியில்லை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100-க்கு ஏழு ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறைக்க வேண்டும்: என்டி 256. மாலை நாலரை, ஐந்துக்கு 64. சூரியன் சாயும்போது 16. அப்புறம் கழற்றிவிடுங்கள். கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் அமைப்பு) ஆன் ஆவதற்கு முன்பே ஃபில்டரை மாட்டுங்கள், ஓடும்போது அழுத்தினால் கிம்பல் மோட்டார் பழுதாகும்.

வொயிட் பேலன்ஸ் ஆட்டோவில் வேண்டாம். ட்ரோன் மணலிலிருந்து கடலுக்குத் திரும்பும்போது பட்டுப்புடவையின் அரக்கு நடுவிலேயே நிறம் மாறும். பகலுக்கு 5600 கெல்வின், விளக்குக்கு 4000. வேட்டி வெள்ளையும் ஜரிகையும் வெளிறிப்போகாமல் இருக்க 0.7 ஸ்டாப் குறைத்து எடுங்கள். டி-லாக் எம் (எடிட்டிங்கில் நிறம் திருத்துவதற்கான பதிவு முறை) தெரிந்தால் அதில், தெரியாவிட்டால் நார்மல் போதும். ராத்திரியில் ஐஎஸ்ஓ 1600-ஐத் தாண்டாதீர்கள். மெமரி கார்டு வி30 வேக வகை, நொடிக்கு 100 மெகாபிட் என்றால் இருபது நிமிடத்துக்கு 15 ஜிபி.

ஒளியையும் யோசியுங்கள். நமக்குச் சூரியன் கடலில் உதித்து ஊர்ப்பக்கம் மறைகிறது. மாலையில் கடலிலிருந்து கரையைப் பார்த்தால் ஜோடி நிழலுருவம்தான். முகம் தெரிய வேண்டுமென்றால் ட்ரோன் கரைப்பக்கம் நின்று கடலைப் பார்க்கட்டும். உப்புக்காத்து சொன்ன எதிர்காற்றுத் தொல்லையும் இதில் கிடையாது.

ஃபோகஸ்புல்லர்:

ரொம்ப நன்றி. வடபழனியில வெளிய வேணாம், புரிஞ்சுது. மண்டபத்துக்கு உள்ள பொண்ணு நடந்து வர்றப்ப மேலேருந்து ஒரு ஷாட் மட்டும் மினியில எடுக்கலாமா? ஏசி ஹால், உயரம் 25 அடி இருக்கும்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:

ஆள் இல்லாத ஒத்திகையில், ப்ரொபெல்லர் கார்டு மாட்டி, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், ஆர்ச்சிலிருந்து மேடை வரை ஒரு நேர்கோடு எடுக்கலாம். அலங்காரம் மட்டும் தெரிகிற ஷாட். அதற்கு மேல் வேண்டாம்.

உப்புக்காத்து:

அதுவும் வேணாம்ங்கறதுதான் என் கருத்து. உள்ள ஜிபிஎஸ் கிடைக்காது, கீழ இருக்கற கேமரா தரையோட டிசைனைப் பாத்துத்தான் நிக்குது. ஒரே நிறத்துல பளபளன்னு கம்பளம் விரிச்சிருந்தா, விளக்கை டிம் பண்ணினா, பிடிமானம் போய் ஏசி காத்துல நகர ஆரம்பிச்சிரும். அதோட 249 கிராமைத் தூக்கி நிறுத்த அதுக்குச் சமமான விசையோட காத்தை விடாம கீழ தள்ளிட்டே இருக்கு. மணவறைக்கு மேல வந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க: ஹோமகுண்டத்துச் சாம்பல் எழும்பிப் பொண்ணோட கண்ணுல விழும், தட்டுல இருக்கற அட்சதை, குங்குமம் பறக்கும், விளக்கு அணையும். ஒரு வீட்டுக்கு முகூர்த்த நேரத்துல விளக்கு அணையறது சாதாரண விஷயம் இல்ல. சாஸ்திரிகள் மந்திரமும் நாதஸ்வரமும் பதிவாகிற சவுண்ட்ல அந்த இரைச்சல் வேற.

20 அடி ஜிம்மி ஜிப் (நீளக் கை வெச்ச கேமரா கிரேன்) ஒண்ணு வாடகைக்கு எடுங்க. மாப்பிள்ளை அழைப்புக்கும் தெருவுல அதே ஜிப், இல்லேன்னா மண்டபத்து முதல் மாடி ஜன்னல். அந்தக் கோணத்துல நாதஸ்வரக் கோஷ்டியும் காரும் சேர்ந்தே தெரியும்.

கோவளத்துக்கு மூணு பேட்டரி. கம்பெனி 34 நிமிஷம் போட்டிருந்தாலும் கடல் காத்துல 30 சதவீதம் மிச்சம் வெச்சு இறக்கணும்னா ஒண்ணுக்கு 15, 16 நிமிஷம்தான் வேலைக்கு ஆகும். முதல் பேட்டரி அஞ்சு மணிக்கு, ஜோடி மட்டும் தண்ணி ஓரத்துல. ரெண்டாவது ஆறுக்கு, அந்த வாரத்துல சூரியன் ஆறேகாலை ஒட்டி மறையும். மூணாவது விளக்கு போட்ட இருபது நிமிஷத்துக்குள்ள, வானத்துல நீலம் மிச்சம் இருக்கறப்பவே, கூட்டத்துக்கு மேல போகாம ஓரமா ஒரு சுத்து. பேட்டரியைக் கார்ல வெயில்ல விடாதீங்க, சூடா இறக்கினதை உடனே சார்ஜ் போடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால உடம்பையும் லென்ஸ் கண்ணாடியையும் துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. நாலு மோட்டாரையும் விரலால சுத்திக் காது வெச்சுக் கேளுங்க. ஒண்ணு நறநறன்னாலும் அடுத்த ஆர்டருக்கு முன்னாடி மாத்திடுங்க.