ரத்தக் கல்ச்சரில் வந்த ஈஸ்ட் கேண்டிடா ஆரிஸா? உறுதி செய்ய உதவுங்கள்

மைக்ரோபயாலஜி லேப் நண்பர்களுக்கு வணக்கம். ஐசியூ நோயாளி ஒருவரின் ரத்தக் கல்ச்சரில் ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) வளர்ந்திருக்கிறது. எங்கள் தானியங்கிக் கருவி அதை 'கேண்டிடா ஹெமுலோனி' (ஆரிஸுக்கு நெருங்கிய உறவு) என்கிறது. எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. ஜெர்ம் டியூப் (ஈஸ்டில் குழல் போன்ற முளை வருகிறதா என்று பார்க்கும் சோதனை) நெகட்டிவ், 42 டிகிரியிலும் ஜோராக வளர்கிறது, பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோலின் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்துச் செறிவு) 64. ஹெமுலோனிக்கு அந்தச் சூடு தாங்காதே! 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து விவரித்தார்களே, பல மருந்துகளுக்கு அடங்காமல் ஆஸ்பத்திரிகளில் பரவும் அந்த ஆரிஸ்தான் என்று சந்தேகம்.

மதுரைப் பக்கம் மால்டி-டாஃப் (புரதங்களை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் முறை) அல்லது ஐடிஎஸ் சீக்வென்சிங் (டிஎன்ஏ வரிசையை வைத்து அடையாளம் காணும் முறை) செய்து தரும் லேப் தெரியுமா? இன்னொரு பூஞ்சை மருந்தான ஆம்போடெரிசினுக்குக் கருவி எம்ஐசி 2 காட்டுகிறது. ஆரிஸ் விஷயத்தில் கருவி அதைக் கூட்டிக் காட்டுவதுண்டு, அதனால் பிராத் மைக்ரோடைலூஷனில் (மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து எம்ஐசி அளக்கும் முறை) சரிபார்க்க வேண்டும். டாக்டர் எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை மருந்தைத் தொடங்கிவிட்டார். நோயாளியைத் தனி அறைக்கும் மாற்றியாயிற்று. கல்ச்சரை எப்படி பேக் செய்து அனுப்புவது என்றும் சொல்லுங்கள்.