பிரிண்டர் 'ஆஃப்லைன்': தமிழில் எப்படிச் சொல்வது?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, வீட்டில் வைஃபை அமைத்து மடிக்கணினியிலிருந்து அச்செடுப்பது பற்றிய பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திசைவி (ரவுட்டர்), கடவுச்சொல், அச்சு வரிசை எதிலும் சிக்கலில்லை. 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்ற செய்திதான் இடிக்கிறது. பழைய பதிப்பில் 'இணைய இணைப்பு இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். இது படிப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பும். மடிக்கணினியும் அச்சுப்பொறியும் ஒரே திசைவியில் இருந்தால் போதும், வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டாலும் தாள் வரும். 'தொடர்பறு நிலை' சரிப்படுமா?

தமிழாசிரியர்:
'அறுநிலை' வினைத்தொகை. இருந்த தொடர்பு அறுந்தது என்ற பொருளே முந்திக்கொள்ளும். 'எட்டாநிலை' என்று வையுங்கள். எட்டாத நிலை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எட்டாக்கனியில் வல்லினம் மிகுந்தது, இங்கே நகரம் வருவதால் மிகாது. இந்த வேரின் அழகைப் பாருங்கள். 'எட்டிப் பிடி' என்றால் நெருங்குவது, 'எட்டி நில்' என்றால் விலகுவது. ஒரே சொல்லில் அண்மையும் சேய்மையும்! கிட்ட, எட்ட என்ற இணையையும் சேர்த்து எண்ணுங்கள். பண்டு வணிகர்க்கு அளித்த 'எட்டி' என்ற பட்டமும் உயர்வு என்ற பொருளில் இங்கிருந்தே கிளைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

வலையமைப்புப் பொறியாளர்:
பட்டத்தை விட்டுவிடுவோம் ஐயா, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. ஆனால் சொல் பொருந்துகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: திசைவி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியை, அதாவது வலையில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, தவணைக்குத் தருகிறது. மின்சாரம் போய் வந்தபின் அச்சுப்பொறிக்கு வேறு எண் கிடைக்கலாம். மடிக்கணினி பழைய எண்ணையே அழைத்துக்கொண்டிருந்தால் பதில் வராது, உடனே 'ஆஃப்லைன்' என்று அறிவித்துவிடும். அச்சுப்பொறி நலமாக விழித்திருக்கிறது, எட்டவில்லை, அவ்வளவுதான். திசைவியின் அமைப்புப் பக்கத்தில் அந்த அச்சுப்பொறிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். மடிக்கணினி விருந்தினர் வலையில் (வீட்டுக்கு வருபவர்களுக்கென்று திசைவி தரும் தனி வைஃபையில்) இருந்தாலும் இதே செய்தி வரும். அந்த வலையைப் பொதுவாக மற்றக் கருவிகளைப் பார்க்கவிடாமல் பிரித்தே வைத்திருப்பார்கள். இரண்டையும் கையேட்டில் சேருங்கள்.

கணினிப் பயிற்சி ஆசிரியை:
என் வகுப்பில் அறுபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். 'எட்டாநிலை' என்றால் கைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை வைத்திருப்பதாக நினைப்பார்கள். 'பிரிண்டர் கிடைக்கல' என்றுதான் அவர்களே சொல்கிறார்கள், தொலைபேசியில் ஆள் கிடைக்காததைப் போல. 'அச்சுப்பொறி கிடைக்கவில்லை' என்று ஒரு தொடராகவே எழுதினால் என்ன? இல்லாவிட்டால் திரையில் இருக்கும் 'ஆஃப்லைன்' அப்படியே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
அம்மா, 'ஆஃப்லைன்' எழுத்திலேயே இரண்டு வழு. ஆய்தம் குற்றெழுத்தை அடுத்து, உயிரோடு கூடிய வல்லினத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. இங்கே முன்னால் நெடில், பின்னால் புள்ளி வைத்த பகரம். பிறமொழிச் சொல்லைத் தொல்காப்பியர் விலக்கவில்லை, நம் எழுத்துக்கு இசைவித்துக் கொள் என்றார். நீங்கள் செய்வது இசைவிப்பதன்று. 'கிடைக்கவில்லை' கடையில் பொருள் இல்லாததற்கும் பொருந்துமே!

கணினிப் பயிற்சி ஆசிரியை:
அந்த விதிப்படி கையேட்டின் தலைப்பிலுள்ள 'வைஃபை'யும் வழுதானே ஐயா? அதை மாற்றச் சொல்லி யாரும் எழுதவில்லையே.

வலையமைப்புப் பொறியாளர்:
அது 1999இல் வணிகத்துக்காக வைத்த பெயர், பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். பெயர் என்றதும் ஒன்று: வலைக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொல்கிறது கையேடு. நல்லது, ஆனால் எல்லை 32 பைட். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் கணக்கு. 'வீட்டுவலை' 27 பைட்டில் அடங்கும், 'எங்கள் வீட்டுவலை' அடங்காது. இதை எச்சரிக்கையாகப் போடுங்கள்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:
நன்றி, அதையும் சேர்க்கிறேன். 'தொடர்பறு நிலை'யைக் கைவிட்டேன். கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் 'எட்டாநிலை' பக்கம். முதல் முறை வரும் இடத்தில் 'ஆஃப்லைன் எனத் திரையில் தெரியும் எட்டாநிலை' என்று எழுதி, பிறகு தனியே ஆள்கிறேன். வேறு யாருக்கும் மறுப்பு உண்டா?

கணினிப் பயிற்சி ஆசிரியை:
எனக்கு உண்டு. சொல்லடைவில் 'எட்டாநிலை' இருக்கட்டும். கோளாறு நீக்கும் பக்கத்தில் மட்டுமாவது 'கிடைக்கவில்லை' என்று போடுங்கள். தாள் வராமல் தவிப்பவர் திறக்கும் பக்கம் அது.

தமிழாசிரியர்:
ஒரே கையேட்டில் ஒரு பொருளுக்கு இரு சொல்லா? உடன்பட மாட்டேன். 'எட்டி' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.