அரை மணி ஓடினா பிரேக் தானா பிடிச்சுக்குது, காலிப்பர் வேலை பார்த்தும் தீரல

மேட்டுப்பாளையத்தான்:
வணக்கம். 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 94,000 கி.மீ. ஓடியிருக்கு. காலையில நியூட்ரல்ல போட்டு ஒரு கையால தள்ளினாலே உருளும். இருபது நிமிஷம் ஓட்டினா யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுக்குற மாதிரி திணறுது, பெடல் கல்லாயிடுது. போன ஞாயிறு கோத்தகிரி ஏறும்போது பாதி மலையில நின்னே போச்சு. முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் கருகின வாடை. முக்கால் மணி நேரம் டீக்கடையில உக்காந்துட்டு வந்து பார்த்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி உருளுது. ஏத்தத்துல நான் பிரேக்கை மிதிக்கவே இல்லைங்க, அதான் புரியல. ஒர்க்‌ஷாப்ல பேட், காலிப்பர் (பேடை டிஸ்க்ல அழுத்துற பாகம்) கிட்னு 4,800 ரூபா ஆச்சு. இப்ப பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரை மாத்தணும்கிறாங்க. மாத்தலாமா?

சின்னக்காரு:
எனக்கு சக்கரத்துக்கு ஆயில் போற ரப்பர் ஹோஸ்ல வந்துச்சு ப்ரோ. உள்பக்கம் ஊதிப்போய், ஆயில் போகும், திரும்பி வராது. ஹோஸைப் பாருங்க.

பழைய ஸ்பேனர்:
ஹோஸ்னா ஒரு பக்கம் பிடிக்கும். ரெண்டும் ஒரே நாள்ல அடைச்சுக்காது தம்பி.

மாஸ்டர் சிலிண்டர்ல ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கு. பெடல் முழுசா மேல வந்தாத்தான் அது திறக்கும். சூட்டுல விரியுற ஆயில் அது வழியாத்தான் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். பெடல் கொஞ்சம் அமுங்கியே நின்னாலும் துளை மூடிக்கும். விரிஞ்ச ஆயில் போக வழியில்லாம பேடைத் தள்ளும், பேட் உரசும், இன்னும் சூடாகும். நீங்க மிதிக்காமலே பிடிச்சது இதனாலதான்.

அடுத்த தடவை பிடிச்சா ஆற விடாதீங்க. சமதளத்துல நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வெச்சு, முன்னாடி ஜாக்கி போடுங்க. மாஸ்டரை பூஸ்டரோட (மிதிக்கிற பலத்தைக் கூட்டுற டிரம்) பிடிச்சிருக்குற ரெண்டு நட்டை லூஸ் பண்ணி, ரெண்டு மூணு மில்லி முன்னாடி இழுங்க. சக்கரம் விட்டா கோளாறு பெடல் பக்கம். விடலைன்னா காலிப்பர்ல ஆயிலை வெளிய விடுற நிப்பிளைக் கால் சுத்து திறங்க. ஆயில் பீய்ச்சி அடிச்சு சக்கரம் விட்டா மாஸ்டரோ ஹோஸோ. அப்பவும் இறுக்கமா இருந்தாத்தான் காலிப்பர். முகத்தைத் தள்ளி வெச்சுக்குங்க, ஆயில் கொதிக்கும்.

அது சரி, சமீபத்துல பெடல்கிட்ட யாராச்சும் கை வெச்சாங்களா?

மேட்டுப்பாளையத்தான்:
ஐயா, ஆடி மாசம் பிரேக் லைட் அணையாம எரிஞ்சு பேட்டரி செத்துச்சு. எலக்ட்ரீஷியன் அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணி 150 வாங்கினார். அப்போ பெடலுக்குக் கீழ கால்மிதியில பழுப்பா பிளாஸ்டிக் துணுக்கு நாலஞ்சு கிடந்துச்சு, பிஸ்கட் தூள் மாதிரி. குழந்தைங்க வேலைன்னு கூட்டித் தள்ளிட்டேன்.

பழைய ஸ்பேனர்:
அதான் பெடல் ஸ்டாப்பர், பிரேக் லைட் சுவிட்ச் குமிழை அமுக்கி லைட்டை அணைக்குற பெடல் பட்டன்! அது பொடிஞ்சு ஓட்டை விழவும், சுவிட்ச் குமிழ் அதுக்குள்ள போய் லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அவர் பட்டன் போடாம சுவிட்சையே உள்ள திருகிட்டார். லைட் அணைஞ்சுது, ஆனா சுவிட்ச் முட்டி பெடல் அமுங்கிப்போச்சு.

மேட்டுப்பாளையத்தான்:
சனிக்கிழமை பார்த்தோம். நட்டை லூஸ் பண்ணி மாஸ்டரை இழுத்ததுமே சக்கரம் டக்குனு விட்டுச்சு! பட்டன் 30 ரூபா. சுவிட்சை மூணு சுத்து வெளிய எடுத்ததும் பெடல்ல லேசா ஆட்டம் வந்துச்சு. பிரேக் ஆயிலும் புதுசு. நேத்து கோத்தகிரி போய் இறங்கியாச்சு. டிஸ்க்ல மட்டும் நீலமா திட்டு இருக்கு, மாத்தணுமா?

பழைய ஸ்பேனர்:
பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குதா? இல்லைன்னா டிஸ்க்கை விடுங்க. பேடைக் கழட்டிப் பாருங்க, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா மாத்திடுங்க.