கொழும்புக்கு அருகிலேயே நாட்டுப்புறக் காட்சிகளைப் படமெடுக்க இயலுமா?

வெள்ளவத்தைப் பெடியன்:
வணக்கம். தொடர்மாடியொன்றில் வசிக்கும் எனக்கு வயல், குளம், தோட்டம் ஆகியவற்றைப் படமெடுப்பதில் விருப்பம் இருந்தும், ஊருக்குப் போகும்போது மட்டுமே கமெராவைக் கையிலெடுக்க முடிகிறது. சொந்த வாகனம் இல்லை. ஞாயிறு காலையில் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில், கிராமத்துச் சாயல் மிச்சமிருக்கும் இடங்கள் எவை? என்னிடம் 18–55 மி.மீ. லென்ஸ் மட்டுமே உள்ளது.

வரம்போரம்:
தம்பி, முதலில் தலங்கம குளத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்தரமுல்ல வரை பஸ்ஸில் சென்று, அங்கிருந்து முச்சக்கர வண்டி பிடித்தால் போதும். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அந்தக் குளத்தை ஒட்டி வயல்கள் இன்னும் இருக்கின்றன. எருமைகளும் நீர்ப்பறவைகளும் கண்ணில் படும்.

ஆனால், எந்த இடம் என்பதைவிட எந்த மாதம் என்பதே முக்கியம் என்பேன். சிறுபோகத்துக்காக ஏப்ரல், மே மாதங்களில் வயலை உழுது நீர் கட்டியிருக்கும் அந்தச் சில நாட்களில் வானம் முழுவதும் வரம்புகளுக்கிடையே விழுந்து கிடக்கும். பயிர் எழும்பிவிட்டால் அந்தக் காட்சி மறைந்துவிடும், பிறகு அடுத்த நெற்பருவமான பெரும்போகம் வரை காத்திருக்க வேண்டியதுதான். சூரியன் இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கே உதிப்பதால், விடியுமுன் அங்கே நில்லுங்கள். ஒன்பது மணிக்குப் பின் பச்சை வெளிறிவிடும். வரம்பில் குந்தியிருந்து எடுத்தால் முன்னால் நிற்கும் நெற்பயிரே பின்னாலுள்ள வீடுகளை மறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையிலிருந்து கொண்டு வரும் கமெராவைச் சற்று நேரம் பைக்குள்ளேயே விட்டுவையுங்கள். உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும்.

களனிவெளிப் பயணி:
நான் ரயிலையே சொல்வேன். நுகேகொடையில் களனிவெளிப் பாதை ரயிலில் ஏறினால், ஹோமாகம தாண்டியதும் வீடுகள் ஐதாகி, பாதுக்கவுக்குப் பின் இறப்பர் தோட்டங்கள் தொடங்கிவிடும். பாதை முடியும் அவிசாவளையும் கொழும்பு மாவட்டம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெப்ரவரி அளவில் இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது தோட்டம் முழுவதும் செம்பு நிறமாகும். பால் வெட்டுவது அதிகாலை வேலை. பட்டையில் சாய்வாகக் கீறிய கோட்டின் வழியே வெள்ளைப் பால் வழிந்து சிரட்டையில் சொட்டுவதை 55 மி.மீ. முனையில் நெருங்கி எடுக்கலாம். தோட்டத்துக்குள் நுழையுமுன் அனுமதி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் ரயிலின் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரநிலம்:
கட்டடங்களை மறைக்கத்தான் வேண்டுமா, வரம்போரம் அண்ணா? 2018இல், ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சமவாயத்தின் ஈரநில நகர அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. இங்கே சதுப்பும் தொடர்மாடியும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. எருமைக்குப் பின்னால் கிரேன் நிற்கும் படம், நுவரெலியாவில் எவரும் எடுக்கக்கூடிய தேயிலைப் படத்தைவிட நம் ஊரை நேர்மையாகக் காட்டும். தியவன்னா ஏரியில் பாராளுமன்றத்துப் பக்கம் மட்டும் கமெராவைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

வரம்போரம்:
கிரேனைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சேர்ப்பதென்றால் அது படத்துக்குள் முழுதாக நிற்கட்டும். ஓரத்தில் பாதி நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்தவர் கவனிக்கவில்லை என்றே தோன்றும்.